ஆறும் வரை

அம்மாவின் கையில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு ஆய்வுக்கூடத்து உலையின் நினைவு வந்தது.

விரல்நக அளவுச் சிலிக்கான் சில்லின்மேல் கட்டம் கட்டமாக இரும்புப் புள்ளிகளைப் பதித்து, உலைச் சூட்டில் வாயுவை ஓடவிட்டால், புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் கார்பன் நானோ குழாய்கள் காடுபோல நெருங்கி எழும். அதன் பிறகுதான் பொறுமை வேண்டும். ஆறுவதற்குள் திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் எரிந்துவிடும். அவள் ஆறவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் அம்மா மயங்கி விழுந்ததாகத் தம்பி அழைத்தான். போட்டது போட்டபடி ஓடிவந்துவிட்டாள். பையும் போனும் உலைக்குப் பக்கத்திலேயே கிடந்தன.

அவளுக்குப் பிறகு உலையைப் பயன்படுத்தும் முறை அவசரக்குடுக்கையுடையது. கூடப் படிப்பவன். தன் சில்லுகளையே சூட்டோடு திறந்து பொசுக்கியதால் ஆய்வுக்கூடம் வைத்த பெயர். உலைக்குள் இருந்ததோ அவளிடம் மிஞ்சிய கடைசிச் சில்லு. நாளை பேராசிரியரிடம் காட்ட எதுவும் இல்லையென்றால் அவள் படிப்பு இந்த ஆண்டோடு நின்றுவிடும். திறக்காதே என்று அவனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? வெறும் வயித்தோட வேலைக்குப் போயிட்டேன், அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

"அதுக்கில்லம்மா."

"அப்ப கவலை எனக்காக இல்லையா? நல்லா இருக்குடி."

மாலையில் தம்பியை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பினாள். உலை மூடியே இருந்தது. காற்றை உள்ளே விடாத ஆர்கான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் அவசரக்குடுக்கை.

"நீ போன்ல பதறினது காதுல விழுந்துச்சு. அம்மா எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல. நீ... திறக்கலையா?"

"கை அரிச்சுது. கை மேலயே உக்காந்துட்டேன். இப்ப ஆறிடுச்சு, நீயே எடு."

இடுக்கியால் சில்லை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். கரிய தூண்கள் வரிசை கலையாமல் நின்றன. ஓரத்தில் இரண்டு மட்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கண் கலங்கியதில் எல்லாம் மங்கியது. நிமிர்ந்தபோது மேசையில் அவனுடைய சில்லு பெட்டியோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம்.

"உன் சில்லக் குடு. நான் போடறேன்."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"தம்பி இருக்கான். நீ போய்ச் சாப்பிடு. ஆறுற வரைக்கும் நான் இருக்கேன்."

"அவசரப்பட்டுத் திறந்துடாத" என்றான், சிரிக்காமல்.

அவன் போனதும் அவனுடைய சில்லை உலையில் வைத்துச் சூட்டை முடுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது. எதிரே உலையின் கண்ணாடிக் குழாய் மெல்லச் சிவக்கத் தொடங்கியது.