கிளப் படிக்கட்டில் வில்ஃப் தள்ளாதது

என் நண்பன் வில்ஃப் வளர்க்கும் லீக்ஸ் என்ற வெங்காயத்தண்டு ஒவ்வொன்றும் எட்டு மாதக் குழந்தை கனம். அவற்றுக்கு அவன் ஊற்றும் கரைசலில் பீர், ஆட்டுப் புழுக்கையோடு மாமியாரின் சாம்பலும் உண்டு என்று ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான். மாமியார் அப்போது உயிரோடு இருந்தாள். அதைக் கேட்டு ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை.

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் எங்களைப் போன்ற கிழவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே யுத்தம் செப்டம்பரில் ஊர் கிளப் நடத்தும் லீக்ஸ் போட்டி. அந்த வருடமும் வில்ஃப் முதலிடம், ஸ்டோபார்ட் இரண்டாமிடம். பதினேழாவது தடவையாக என்று நான் சொல்வேன். கிளப் பதிவேடு ஐந்து என்கிறது.

பரிசளிப்பு முடிந்து வாசற்படியில் நாங்கள் மூவர் மட்டும் நின்றிருந்தோம்.

"காசு குடுத்து வாங்கிட்டு வந்து வச்சவனுக்கெல்லாம் கோப்பை!" என்றான் ஸ்டோபார்ட்.

"யாரடா சொல்ற? இன்னொரு தடவ சொல்லு!"

வில்ஃப் விரலை நீட்டினான். அவ்வளவுதான். விரலுக்கும் ஸ்டோபார்ட்டின் கோட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. "போடா கெழவா" என்று சிரித்தபடி ஸ்டோபார்ட் பின்னால் ஓரடி வைத்தான். மழையில் நனைந்த படிக்கல் அது. கால் வழுக்கிப் பின்மண்டை கல்லில் மோதியது. எழுந்து உட்கார்ந்தவன், "கல்லு உடஞ்சிருந்தா கிளப்புதான் கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினான்.

உள்ளே நாற்பது பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன லெஸ், என்ன ஆச்சு?"

இப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? நாற்காலிமேல் ஏறினேன்.

"வில்ஃப் ரெண்டு கையாலயும் ஒரு தள்ளு தள்ளினான் பாருங்க! ஸ்டோபார்ட் நாலு படியத் தாண்டிப் பறந்து, போற வழியில பொண்டாட்டிக்கு டாட்டா காட்டிட்டுல்ல விழுந்தான்!"

கிளப் அதிர்ந்தது. வில்ஃபே கண்ணில் நீர் வரச் சிரித்தான். "இன்னும் ரெண்டு படி கூட்டிக்கோடா!" கிளப்பில் பீர் ஊற்றித் தரும் பாலின் என்ற பெண் எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்தாள்.

மூன்றாம் நாள், மண்டைக்குள் ரத்தம் கசிந்து ஸ்டோபார்ட் இறந்தான்.

வில்ஃப் தள்ளியதால்தான் செத்தான் என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் நான் உண்மையைச் சொன்னேன். ஒரு அங்குலம்கூடக் கூட்டவில்லை. அரசு வக்கீலம்மா பாலின் கைபேசியில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். டாட்டா வந்த இடத்தில் ஜூரிகளில் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"அப்போ சொன்னது கதை மேடம்."

"பக்கத்துலயே நின்னு உங்க நண்பர் சிரிக்கிறாரே. ஏன் மறுக்கல?"

என் கதைகளை யாரும் மறுத்ததில்லை, அதுதான் வழக்கம் என்றேன். எழுபத்திரண்டு வயதில் அது எனக்கே கேவலமாகக் கேட்டது.

நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கினார். கொல்லும் எண்ணம் தேவையில்லை. காயப்படுத்தும் எண்ணம்கூட வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பாகத் தள்ளினானா, அதில் அடிபடலாம் என்று நிதானமுள்ள யாருக்கும் தெரிந்திருக்குமா, அதனால் சாவு வந்ததா; இவை போதும். விரலை மட்டும் நீட்டியிருந்து, அடிப்பான் என்ற பயத்தையும் ஊட்டவில்லையென்றால் அவன் வீட்டுக்குப் போகலாம்.

ஜூரிகள் என் பழைய கதையை நம்பினார்கள். வில்ஃபுக்கு இரண்டரை வருடம் சிறை.

போன வாரம் சிறையில் அவனைப் பார்த்தேன். பாதியாகிவிட்டான். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

"லெஸ், நெசத்தச் சொல்லு. நான் அவன தொட்டேனா?"

"சத்தியமா இல்லடா."

"நீ எதச் சொன்னாலும் பத்துல ஒண்ணு நெசமா இருக்கும். நாப்பது வருஷமா அந்தக் கணக்குலதான் உன்னக் கேக்குறேன். அப்போ பத்துல ஒரு தள்ளாவது தள்ளியிருப்பேன்ல?"

"துளிகூட இல்ல."

"அன்னிக்கு எனக்கு அவ்ளோ கோவம்டா. கை பட்டிருக்கும்." மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தான். "அவன் பொண்டாட்டிக்கு லெட்டர் போட்டுட்டேன். தள்ளினது நான்தான், மன்னிச்சிடும்மான்னு. அதுக்கப்புறம்தான் தூக்கம் வருது."

"வில்ஃப், நீ தொடவே இல்லடா. நான் பார்த்தேன்."

அவன் என் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"விடுடா. எனக்காகப் பொய் சொல்லாத."