எழுந்து நின்ற கடல்

அந்த மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடல் எழுந்து நின்றது. அதன்பிறகு அது உட்காரவே இல்லை. மூன்று மாடி உயரம் இருக்கும். மேற்கே மலைத்தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அது தூரத்தில் ஒரு பச்சைக் கோடு. நடுவில் ஆற்றுச் சமவெளியில் பயிர் வைத்தவர்களுக்குக் காலை வெயில் சற்றுத் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். கரையோரத்தில் இருந்தவர்களுக்கோ தெரு முடிகிற இடத்தில் சுவர் எழுப்பினாற்போல் தண்ணீர். வடக்கே எல்லைக்கல்லைத் தாண்டினால் பக்கத்து மாவட்டத்துக் கடல் வழக்கம்போல் படுத்துக் கிடந்தது. மனு கொடுக்கப் போனவர்களை மாவட்ட அலுவலகத்தில் உட்காரவைத்து விளக்கினார்கள்: மாவட்டம் அலை தொடும் கோட்டோடு முடிகிறது, தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே மாவட்டத்துக்குள் எதுவும் நடக்கவில்லை.

தெருவின் கடைசி வீடு தையல்காரியுடையது. அவள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. அன்று காலை கடலுக்குப் போன ஐந்து படகுகளில் ஒன்றில் அவள் கணவன் இருந்தான். படகுகள் மேலேயே நின்றுவிட்டன. வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் அண்ணாந்து பார்த்தால் அவற்றின் அடிவயிறு தெரியும். எப்போதாவது நங்கூரம் ஒன்று மெல்ல இறங்கும், ஏறும். யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு அவளுக்கு இருந்த ஆதாரம் அதுதான்.

முதல் வாரத்தில் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தண்ணீர் உடல் சிலிர்த்து ஒரு வாய் துப்பியது. அந்த ஒரு வாயில் டீக்கடையின் கூரையும் இரண்டு பெஞ்சுகளும் போயின. அன்றிலிருந்து கரையோரம் முழுக்கக் கிசுகிசுப்பில் வாழ்ந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். நாய்களை மலைப்பக்கத்து உறவினர்களிடம் அனுப்பிவிட்டார்கள். தையல்காரி இயந்திரத்தை மூடிவைத்துவிட்டுக் கையால் தைத்தாள். தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால் தையல் கோணியது. முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பிடரி கூசியது. மீன்கள் சுவரின் ஓரத்துக்கு வந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

வயிறு பெரிதாக ஆக, தெருவின் பார்வையும் அவள்மேல் கனத்தது. கடைசியில் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வந்து வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பிறந்த குழந்தைக்கு மெதுவா அழத் தெரியாது."

"தெரியும்ண்ணே."

"மலைப்பக்கம் போயிடேன். வேன் ஏற்பாடு பண்றேன்."

"அவர் இறங்கி வந்தா வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது."

"நான் இருக்கேன்ல. சொல்லி அனுப்ப மாட்டேனா?"

உள்ளே மாமியார் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். தையல்காரியும் தடுக்கவில்லை. அதுவரை கணவனுக்காகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த நிமிடத்தில் பிள்ளையை நினைத்துத்தான் பயம் வந்தது.

வேன் வாசலுக்கு வந்தபோது அவளால் எழ முடியவில்லை. வலி முந்திக்கொண்டது. துணியை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு முனகல்கூட வெளியே வராமல் பெற்றாள். பெண் குழந்தை. அது வாயைத் திறந்த கணத்தில் மாமியாரின் உள்ளங்கை போய் அதை மூடியது. கிழவி கையை எடுக்கவில்லை. குழந்தையின் முகம் கறுத்தது.

தையல்காரி துணியைத் துப்பினாள். "கையை எடுங்க அத்தை. மூச்சு விடட்டும்."

"தெருவே போயிடும்டி."

"எடுங்க."

அவளே அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை வீறிட்டது. தெருவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடல் முன்னால் சாய்ந்தது. அதன் நிழல் வாசல் தாண்டி, கூடம் தாண்டி, பாய்வரை வந்தது. தையல்காரி குழந்தையின்மேல் கவிழ்ந்துகொண்டாள். குழந்தை நிறுத்தாமல் அழுதது. நிழல் கொஞ்சநேரம் பாயிலேயே கிடந்தது, பிறகு மெல்லத் திரும்பிப் போனது.

அதன்பின் மேலிருந்து ஒரு கயிறு விழுந்தது. பச்சை மீனும் மழைத்தண்ணீருமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக வந்த கணவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கீழேருந்து ஒரு சத்தமும் வரல. எல்லாரையும் கடல் கொண்டுபோயிடுச்சுன்னு நெனச்சு, ஓரத்துக்கு வந்து பார்க்கவே பயந்து கிடந்தோம்," என்றான்.

கடல் இன்றும் நிற்கிறது. மாவட்ட நிர்வாகம் இரும்பு ஏணி வைத்துக் கொடுத்திருக்கிறது. மீன் பிடிக்கிறவர்கள் தூக்குச்சட்டியோடு ஏறிப் போகிறார்கள். மகளுக்கு நான்கு வயதானபோது ஒரு கல்யாணத்துக்காகப் பக்கத்து மாவட்டத்துக்குப் போனார்கள். பஸ் கரையோரம் திரும்பியதும் குழந்தை ஜன்னலிலிருந்து அலறி அம்மாவின் மடியில் முகம் புதைத்தது.

"என்னடா கண்ணு?"

"கடல் கீழ விழுந்து கிடக்கும்மா," என்றது. "யாரும் தூக்கிவிடலையா?"