தறிக்கூடத்தில் எடுத்த கணிப்பு

கோவைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பித்தவர் சென்னகிருஷ்ணன். இயற்பியல் கற்பித்த வம்சி அவரைச் சீண்டாத நாளில்லை.

"கிரகணத்த நாங்க நிமிசம் பிசகாமச் சொல்றோமுங்க சார். நீங்க ஒரே ஒரு வார்டு எலெக்‌ஷனச் சொல்லிப்போடுங்க. உங்க பாடமும் அறிவியல்தான்னு ஒத்துக்கறேன்."

அவ்வாண்டு கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு வார்டில் இருவர் போட்டியிட்டனர். ஒருவர் விசைத்தறி முதலாளி வெங்கடபதி. மற்றவர் அவருடைய தறிக்கூடத்திலேயே தறி ஓட்டிய மாரியாத்தாள். தம் தெருவுக்குச் சாக்கடை கட்டித்தர எவரும் முன்வராததால் தாமே நின்றவர்.

சென்னகிருஷ்ணன் வீடு வீடாகக் கருத்துக் கேட்கப் புறப்பட்டார். வெங்கடபதி அவரை வழியிலேயே நிறுத்தினார்.

"ஏனுங்க வாத்தியாரே, இந்த வெயில்ல ஊடு ஊடா எதுக்கு அலையறீங்க? நம்ம கூடத்துக்கு வாங்க. அத்தன பேரும் ஒரே எடத்துல இருப்பாங்க."

முதலாளி பக்கத்தில் நிற்க, தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக வந்தனர். "நம்ம மொதலாளிக்குத்தானுங்க" என்று பெரும்பாலோர் பணிவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினர்; மற்றவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று நழுவினர். இப்படிக் கேட்டால் உண்மை வராது என்று முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிப்பவரே அவர்தாம். ஆயினும் நூற்றுக்கு எழுபத்தொன்று என்ற எண் அவரை மயக்கிவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் தம் பட்டத்தோடு அதை வெளியிட்டார்.

வெங்கடபதி வென்றார். வித்தியாசம் பதினொரு வாக்குகள். வம்சி லட்டோடு வந்து தோல்வியை ஒத்துக்கொண்டார். எத்தனை வாக்கு என்று அவர் கேட்கவில்லை, சென்னகிருஷ்ணனும் சொல்லவில்லை.

மூன்று நாள் அவருக்குச் சரியான உறக்கமில்லை. நான்காம் நாள் மாரியாத்தாள் வீட்டுக்குப் போனார்.

"வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மாரியாத்தாள். "உங்க கணக்குப்படியே ஆயிருச்சுங்க."

"அந்தக் கணக்குத் தப்புங்க அம்மணி. மொதலாளிய வெச்சுக்கிட்டுக் கேட்டது."

"அது எங்களுக்குத் தெரியுமுங்க. மொதலாளி முன்னாடி வேற என்ன சொல்ல முடியும்? ஆனா படிச்சவரு எழுதிப்போட்டதும், அவனவன் மத்தவனெல்லாம் நெசமாவே அங்கதான் போடறான்னு நெனச்சுப்போட்டான். எந்தங்கச்சியே, தோக்கறதுக்கு எதுக்கு அரைநாள் லீவுன்னு தறிக்குப் போயிட்டாளுங்க."

சென்னகிருஷ்ணன் தலைகுனிந்தார். யார் கணித்தாலும் கிரகணத்தின் காதில் அது விழுவதில்லை. இவர் கணித்தது ஊர் முழுவதன் காதிலும் விழுந்து, ஊரையே மாற்றிவிட்டது.

"நான் என்ன செய்யட்டுமுங்க?"

"செயிச்சத மாத்த முடியாதுங்க. அடுத்தவாட்டி எங்காளுக எந்திரிச்சு நிக்கணுமில்ல. அந்தக் குரூப்புலயே நடந்தத எழுதிப்போடுங்க."

எழுதினால் வம்சியும் படிப்பார், மாணவர்களும் படிப்பார்கள். அவர் எழுதி, அனுப்புமுன் செல்பேசியை நீட்டினார். மாரியாத்தாள் நிதானமாகப் படித்தார்.

"பிழை நேர்ந்துவிட்டதுன்னு போட்டிருக்கீங்க. அது தெரியாமச் செய்யறதுங்களே, சார்."

சென்னகிருஷ்ணன் அந்த வரியை அழித்தார். தெரிந்தே செய்தேன் என்று எழுதி, மாரியாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினார்.