சப்பாத்தில்லாமல் வந்தவர்கள்

நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் தில்லைநாதனின் வீட்டு வாசலில் இரண்டாம் உலகப் போர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். முதலில் நார்விக் போர்முனைக்காரர்கள் இடுப்புவரை பனி ஒட்டியபடி வந்தார்கள். ஜெர்மன்காரர், போலந்துக்காரர், நோர்வேக்காரர் எல்லோரும் ஒரே வரிசை. அடுத்த கிழமை லிபியப் பாலைவனம் வந்தது. வாக்யூம் கிளீனர் மணலால் அடைபட்டுச் செத்தது. ரஷ்ய முனையில் சிலருக்குக் கந்தல் சுற்றிய கால்கள்தான். அந்தக் கந்தலையும் மரியாதையாக அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டே வந்தார்கள்.

ஏன் இந்த வீடு என்று அயலில் யாரும் பெரிதாக ஆராயவில்லை. போருக்குத் தப்பி வந்தவர்களின் வீடு, எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டார்கள் என்று சிப்பாய்கள் நம்பியிருப்பார்கள். தில்லைநாதனின் மனைவி தங்கேஸ்வரி கேட்கவுமில்லை. ஒருவரையொருவர் சுட்டவர்கள் அவள் நீட்டிய ஒரே தட்டில் மீன் ரோல்ஸ் எடுத்தார்கள். குடியிருப்புச் சங்கம் மட்டும் நடைபாதையில் சப்பாத்துக் குவிக்கக் கூடாதென்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

தில்லைநாதனுக்குத் தலைகால் புரியாத பெருமை. அகதியாக வந்து, பஸ் ஓட்டி, ஓய்வு பெற்ற மனிதர். ட்வெய்ட்டா, ஹொல்ம்லியா என்று பிறந்தநாள் விழாவுக்குப் போகுமிடமெல்லாம், தன் அப்பப்பா மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து அந்தப் போரைக் கண்டவர் என்று அளந்தவருக்கு, இப்போது கேட்க ஒரு படையே சோபாவில் இருந்தது. வெள்ளைத் தொப்பி, கைகட்டி நின்ற கூலியாட்கள், யப்பானியனே மதித்த நிமிர்வு என்று வாய் ஓயாமல் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பர்மா முனை வந்தது அக்டோபர் மழையில். கதவைத் திறந்தால் சிப்பாய்கள் இல்லை. இடுப்பில் துண்டு, முழங்கால்வரை சேறு, கழற்றுவதற்குக் காலில் எதுவுமில்லாத மனிதர்கள். சயாம் மரண ரயில்பாதை போட யப்பானியர் மலாயாவிலிருந்து கொண்டுபோன தோட்டத் தொழிலாளர்கள். அத்தனை நாளும் வந்தவர்களில் தமிழ் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

"ஐயா, உள்ள வரலாங்களா?" என்றான் முன்னால் நின்றவன். பிறகு முகத்தை உற்றுப் பார்த்தான். "நீங்க டேசன் ஐயா பேரனுங்களா?"

தில்லைநாதனின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று தன் வாயால் சொல்லி, அவர்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி, கதவை வெளியே பூட்டிப் பச்சைக் கொடி காட்டியவர் அந்த அப்பப்பாதான். அப்பா ஒரு நாள் குடித்துவிட்டு அழுதபோது தில்லைநாதனுக்கு அது தெரியவந்தது.

"கால் முழுக்கச் சேறு. கார்ப்பெட் பழுதாப் போகும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே சிப்பாய்கள் எழுந்தார்கள். சப்பாத்தை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள்.

"ஸ்டாலின்கிராட்டிலை நிண்டவனுக்கு ரோல்ஸ் குடுத்தனாங்கள்" என்றாள் தங்கேஸ்வரி. "எங்கடை பாசை கதைக்கிற சனத்துக்கு ஏனப்பா கதவைச் சாத்தினனீங்கள்?"

அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அவர்கள் பழி கேட்கவில்லை, உள்ளே வரலாமா என்றுதான் கேட்டார்கள் என்று நினைக்க நினைக்க இன்னும் கூசியது. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சேற்றுத் தடம் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தது. மோர்டென்ஸ்ருட்தான் அந்தப் பாதையின் கடைசி நிலையம். ரயில் கதவுகளைத் திறந்துவைத்துக் காத்து நின்றது. தொழிலாளர்கள் மழைக்குள் மேடையில் குந்தியிருந்தார்கள்.

"உள்ளை ஏறி இருங்கோவன், குளிருது."

"வேணாங்கய்யா. அது கதவு பூட்டுற வண்டி."

மணி அடித்து, கதவுகள் தாமாக மூடின. அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். தில்லைநாதன் ஈரத் தரையில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"உங்களை ஏத்திக் கதவைப் பூட்டினது என்ரை அப்பப்பா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பெருமை கதைச்சுத் திரிஞ்சனான்."

"எங்களுக்கும் தெரியுங்கய்யா" என்றான் வாசலில் பேசியவன். "தொறக்கிறதுக்கு அவரு வம்சத்துல ஒருத்தராவது இருப்பீங்கன்னுதான் வந்தோம்."

அவர்களை அவர் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவு மூடுவதில்லை. பூட்டுத் திருத்துகிறவர் பார்த்துவிட்டு, பூட்டில் பழுதில்லை, கதவுக்குத்தான் மனமில்லை என்று சொல்லிப் போனார். ஜனவரியில் பனி சோபாவரை வருகிறது. கார்ப்பெட்டில் படுத்திருப்பவர்கள் இடைக்கிடை தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறார்கள். அப்பப்பாவைப் பற்றி யாராவது கேட்டால் தில்லைநாதன் அந்தச் சரக்கு வண்டியையும் சேர்த்தே சொல்கிறார், தலையைக் குனிந்தபடி. விருந்தாளிகளுக்கும் பழகிவிட்டது. சப்பாத்தைக் கழற்றுகிறார்கள், ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை.