சுவர் பார்த்த திசை

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பன்னிரண்டு நாள் விடாமல் பெய்த மழை, ஒரு மாலை ஆறு மணிக்குத் திடீரென்று நின்றது. றொசல்லைக்கும் வட்டவளைக்கும் நடுவே, ரயில் பாதைக்குக் கீழே இருந்த அந்தச் சின்னக் கடைவீதியில் எல்லோரும் வெயில் பார்க்க வெளியே வந்தார்கள். ஆமினா உம்மா ஈரத் துணிகளோடு கடையின் பின்பக்கம் வந்தார். கணவரின் சாரத்தைக் கொடியில் விரித்தவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க கொஞ்சம் வாங்களே."

உள்ளே இப்றாஹிம் கருவாட்டுச் சிப்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு? கையெல்லாம் கருவாடு."

"கருவாட்டோடயே வாங்க. சூரியன் எங்க விழுது எண்டு பாருங்க."

தேயிலைத் தொழிற்சாலையின் புகைக்கூண்டுக்கு வலப்பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத் தேயிலை மீது அந்த ஒளி படிந்து மலை முழுவதும் மின்னியது.

"அழகா இரிக்கி. அதுக்கென்ன?"

"அழக நான் சொல்லல்ல. தக்கியாச் சுவர் எந்தப் பக்கம் பாக்குது?"

இப்றாஹிமின் கையிலிருந்த கருவாடு கீழே விழுந்தது.

கடைக்குப் பக்கத்தில் நின்றது தக்கியா. அந்த வீதியில் கடை வைத்திருந்த ஏழு முஸ்லிம் குடும்பங்கள் ஐந்து வேளையும் கூடித் தொழுவதற்காகக் கட்டிய சிறிய தொழுகை இடம். கட்டி ஆறு மாதம்தான் ஆகிறது. அதன் முன்சுவர் கிப்லாவை, அதாவது மக்காவிலுள்ள கஃபாவின் திசையைக் காட்ட வேண்டும்; அந்தச் சுவருக்கு நேரே நின்றுதான் எல்லோரும் தொழுதார்கள். சுவரோ, இடப்பக்கத்து மொட்டைப் பாறையைப் பார்த்து நின்றது. பாறைக்கும் புகைக்கூண்டுக்கும் நடுவே முழுதாக ஒரு மலை கிடந்தது.

சென்ற டிசம்பரில் அதைக் கட்டிக் கொடுத்தவர் தோட்டத்து மேசன் மாயாண்டி. அதற்கு முந்திய வருடம் அவருடைய மனைவி வேலாயி காய்ச்சலில் கிடந்தபோது, நோன்பு மாதம் முழுவதும் ஆமினா உம்மா மாலைக் கஞ்சியில் ஒரு பாத்திரம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அனுப்பிவைத்தார். "அந்தக் கஞ்சியில எந்திரிச்சவ. எனக்குக் கூலி பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரைநாள் வேலை நாட்களிலும் வந்து மாயாண்டி கல் அடுக்கினார்.

அத்திவாரம் தோண்டும் முன் அவர் கேட்ட கேள்வி இப்போது இப்றாஹிமின் காதில் மறுபடி கேட்டது.

"சாமி எந்தப் பக்கமுங்க மொதலாளி?"

"எங்களுக்குச் சாமி எல்லாப் பக்கமும்தான். தொழுறதுக்குத்தான் ஒரு பக்கம். சூரியன் சாயிற பக்கம்."

மூன்று மாலைகள் மேகம் மறைத்தது. நான்காவது மாலை சூரியன் தெளிவாக மொட்டைப் பாறையின் தோளில் விழுந்தது. மாயாண்டி இரண்டு முளை அடித்து நூல் கட்டினார். தூக்குக் குண்டும் ரசமட்டமும் வைத்து, முடியளவு பிசகாமல் சுவரை எழுப்பினார். அந்தச் சூரியன் ஆறு மாதத்தில் மலையின் மறுகோடிக்கு நடந்துவிடும் என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் இப்றாஹிம் ஹட்டனுக்குப் போனார். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் பைஸர் லெப்பை அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மக்கா எங்களுக்கு நேர் மேற்கில்ல. மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கால. நீங்க புடிச்சது தெற்கால போயிருந்த சூரியன."

"அப்ப இந்த ஆறு மாசத் தொழுகை?"

"தேடித்தானே திரும்பினீங்க? தேடினவன்ட முகத்த அல்லாஹ் பாக்காம விடமாட்டான். மனசு ஆறல்லண்டா திருப்பித் தொழுதுக்கங்க, அது பேணுதலுக்கு, கட்டாயமில்ல. பயப்படாதீங்க. நபிகளும் தோழர்களும் மதீனாவுக்கு வந்து பதினாறு பதினேழு மாசம் வேற திசையில இருந்த பைத்துல் முகத்தஸப் பள்ளியப் பாத்துத்தானே தொழுதாங்க? கஃபாவின் பக்கம் திரும்புங்க எண்டு கட்டளை வந்திச்சி. தொழுகையில நிண்டவங்க அதைக் கேட்டதும் நிண்ட நிலையிலயே திரும்பினாங்க. முந்தித் தொழுதது வீணாப் போகல்ல."

இப்றாஹிமின் நெஞ்சு இலேசானது. அந்த நேரம் பார்த்து ரிஸ்வி ஹாஜியார் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்துவிட்டு உள்ளே வந்தார். ஹட்டனில் இரும்புக்கடை வைத்திருந்தவர். தக்கியாவின் கூரைத் தகரம் முழுவதும் அவர் கொடுத்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது.

"என்ட தகரத்துக்குக் கீழ கோணலா ஒரு கிப்லாவா? யாரு நூல் புடிச்சது?"

"மேசன் மாயாண்டி."

அது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டதுதான் பிழை. அடுத்த வார்த்தை இப்றாஹிமின் நாக்கு நுனிவரை வந்து, ஹாஜியாரின் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டது.

"தோட்டத்து மேசன்ட வேலை இப்பிடித்தான். ஞாயித்துக்கிழமை நான் வாரன், வேற மேசனையும் கூட்டிட்டு. இடிச்சிக் கட்டுவம்."

வீட்டுக்கு வந்தவர் சோறு பிசைந்தபடியே இருந்தார். ஆமினா உம்மா இரண்டு தடவை கேட்டபின் லெப்பை சொன்னதைச் சொன்னார். ஹாஜியார் சொன்னதையும் சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"நூல் புடிச்சது அவருதான். சூரியன் சாயிற பக்கம் எண்டு சொன்னது யாரு?"

இப்றாஹிம் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"அதச் சொன்னீங்களா?"

"அந்த நேரம் வாய் வரல்ல."

"கருவாடு விக்க மட்டும் வாய் நல்லா வருது." ஆமினா உம்மா தண்ணீர்ச் செம்பை முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: "கட்டளை வந்த நேரம் தோழர்மார் திரும்பினாங்களா, பள்ளி திரும்பிச்சா?"

"தோழர்மார்தான்."

"அப்ப சுவர எதுக்கு இடிக்கணும்? பாயத் திருப்பிப் போடுங்க."

இப்றாஹிம் சிரித்துவிட்டார். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவருக்குள்ளே இறங்கவில்லை. பாய் சாய்ந்து கிடப்பதைப் பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் மாயாண்டியின் பெயர்தான் வரும். மாயாண்டியால் அதைத் தாங்க முடியாது. போன மாசிதான் அவருடைய பிரஜாவுரிமை மனு திரும்பி வந்திருந்தது. அப்பன் இங்கே பிறந்ததற்குக் கடுதாசி இல்லையாம். அன்றைக்குக் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "எம் பேருல கடுதாசி இல்லாட்டி போவுது மொதலாளி. எங் கையில எந்திரிச்ச சொவரு நிக்குதுல்ல."

சனிக்கிழமை லயத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இப்றாஹிம் நினைத்தார். சனிக்கிழமை சாமான் வந்தது. பிறகு மழை வந்தது. உண்மையில், இரண்டுமே வராவிட்டாலும் அவர் போயிருக்கமாட்டார்.

ஞாயிறு காலை கடைப் பலகையைத் திறந்தபோது தக்கியாவின் முன் மாயாண்டி நின்றார். தலையில் சாக்கு. கையில் கல் பெயர்க்கும் அலவாங்கு. ஹாஜியாரின் லொறிச் சாரதி வெள்ளிக்கிழமையே தொழிற்சாலையில் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தான்.

"ஏன் மாயாண்டி மழையில நிக்கிறீங்க?"

"கோணச் சொவரு கட்டினவன் வேற எங்கங்க நிக்கிறது?" அவர் இப்றாஹிமின் முகத்தைப் பார்க்கவில்லை. "எங் கையால கட்டினத நானே இடிச்சிர்றேன். வேற மேசன் இந்தக் கல்லுல கைய வச்சா, அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். லயத்துல வேலாயி தலகாட்ட முடியல. சாமி வீட்டையே கெடுத்தவன்னு பேசுறாளுக."

இப்றாஹிம் கடைப்படியிலிருந்து இறங்கி வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் லொறி வந்து நின்றது. வெள்ளை உடையில் ரிஸ்வி ஹாஜியார் இறங்கினார். கையில் திசைகாட்டிப் பெட்டி. பின்னால் பைஸர் லெப்பை குடையோடு இறங்கினார்; கூட்டிவந்த மேசன் லொறியிலேயே இருந்தான். மற்ற ஆறு கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

ஹாஜியார் வாசலில் நின்று திசைகாட்டியைத் திறந்தார். முள் ஆடி நின்றது.

"பாத்தீங்களா? இது மக்காவப் பாக்கல்ல. ஆப்பிரிக்காக் கரையப் பாக்குது!" அவர் மாயாண்டியின் பக்கம் திரும்பினார். "என்னா மாயாண்டி, ஒனக்குச் சுவர் கட்டச் சொன்னமா, கப்பல் விடச் சொன்னமா?"

யாரோ சிரித்தார்கள். மாயாண்டி அலவாங்கைத் தூக்கி, முதல் கல்லின் இடுக்கில் வைத்தார்.

"வைங்க அத!" என்றார் இப்றாஹிம். கடைவீதியில் அவர் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "ஹாஜியார், ஹட்டன்ல நான் ஒங்களுக்கு அரைவாசிதான் சொன்னன். எந்தப் பக்கம் எண்டு மாயாண்டி என்னக் கேட்டாரு. சூரியன் சாயிற பக்கம் எண்டு சொன்னது நான். அவரு மூணு நாள் மேகம் விலகக் காத்திருந்து, நாலாம் நாள் நான் சொன்ன இடத்துக்கு நேரா நூல் புடிச்சாரு. சுவருல பிழையில்ல. சொன்ன வாயிலதான் பிழை."

ஹாஜியார் திசைகாட்டிப் பெட்டியை மூடினார்.

"அத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார் ஹாஜியார்.

"பயந்துட்டன். அஞ்சு வேளை அல்லாவுக்கு முன்னுக்கு நிக்கிறவன், ஒங்களுக்கு முன்னுக்குப் பயந்துட்டன்." பிறகு மாயாண்டியைப் பார்த்தார். "இந்த மூணு நாள் ஒங்க வீட்டாளுக்கு வந்த பேச்செல்லாம் எனக்கு வரவேண்டியது. என்ன மன்னிச்சிக்கங்க."

மாயாண்டி அலவாங்கைச் சுவரில் சாய்த்து வைத்தார். தலைச் சாக்கை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வுடுங்க மொதலாளி. நானும் இந்த மலையில பொறந்தவன்தானே. சூரியன் எடம் மாறுறது கொழுந்து எடுக்குற பொம்பளைக்கே தெரியும். ஒங்களுக்கு எந்த மாசத்துச் சூரியன்னு கேக்க எனக்கும் தோணலயே."

லெப்பை புன்னகைத்தார். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

ஆமினா உம்மா சொன்னதை இப்றாஹிம் சொன்னார். சுவர் அப்படியே நிற்கட்டும். நிற்கும் வரிசைகளை மட்டும் திருப்பிக்கொள்வோம். லெப்பை தலையாட்டினார். ஹாஜியாருக்கு மனம் ஒப்பவில்லை.

"சுவர் ஒரு பக்கம், மனிசன் ஒரு பக்கம். பாக்கிறவன் சிரிக்கமாட்டானா?"

கடையின் பின்கதவுக்கு உள்ளிருந்து ஆமினா உம்மாவின் குரல் வந்தது. "சிரிக்கிறவங்க சிரிச்சி முடிச்சிட்டுத் தொழட்டும் ஹாஜியார். தேத்தண்ணி ஆறுது."

இந்த முறை ஹாஜியாரே சிரித்துவிட்டார்.

கோடு போட மாயாண்டியைத்தான் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் தயங்கினார். சுவரும் தரையும் அவர் போட்டவை. ஆனால் தொழுகை தொடங்கிய பின் ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. "காலெல்லாம் சேறுங்க." இப்றாஹிம் மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரை வாளியில் பிடித்துவந்து, அவர் தடுக்கத் தடுக்க, குனிந்து அவருடைய கால்களில் ஊற்றினார்.

உள்ளே திசைகாட்டியைத் தரையில் வைத்தார்கள். லெப்பை திசையைக் காட்டினார். மாயாண்டி சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். அதை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் மறுமுனையை நீட்டிய இடத்தில் நின்றவர் ரிஸ்வி ஹாஜியார். வெள்ளைச் சாரத்தோடு ஈரத் தரையில் அவர் குந்தினார்.

"இறுக்கிப் புடிங்க ஹாஜியாரே. தொய்ய வுட்டீங்கன்னா மக்கா தப்பிப் போயிரும்."

"நீ என்னா, என்னையே வேலை வாங்கிற?"

"கப்பல் வுடுறோம்ல. ஒரு கை புடிக்கத்தான் வேணும்."

நான்கு வரிசைகளுக்கு நான்கு கோடுகள். சீமெந்தில் சிவப்புச் சாயம் கலந்து, கரண்டி முனையால் மாயாண்டி அவற்றைத் தரையில் இழைத்தார். கோடுகள் அறைக்குக் குறுக்கே சாய்ந்து ஓடின. முன்னால் ஒரு முக்கோண மூலை எதற்கும் உதவாமல் மிஞ்சியது.

அன்றைக்கு மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொன்னபோது மழையில் சூரியன் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஈரக் கோட்டை மிதிக்காமல் அதை ஒட்டி நின்றார்கள். மாயாண்டி இறவாரத்தின் கீழ் ஒதுங்கி நின்று பார்த்தார். ஹாஜியாரின் தோளும் கருவாட்டுக்கடைக்காரர் தோளும் அவர் போட்ட கோட்டுக்கு நேரே ஒட்டி நின்றன. எல்லோரும் ஒன்றாகக் குனிந்தார்கள், ஒன்றாக நெற்றியை நிலத்தில் வைத்தார்கள்.

தொழுகை முடிந்து மற்றவர்கள் வெளியே வந்தபின்னும் இப்றாஹிம் மறுபடி எழுந்து கை கட்டினார்.

"மொதலாளி இன்னும் முடிக்கலீங்களா?" என்று மாயாண்டி கேட்டார்.

"டிசம்பர்ல இருந்து தொழுதத திருப்பித் தொழுறாரு," என்றார் ஹாஜியார் மெதுவாக.

"அம்புட்டயுமா?"

"அம்புட்டயும்."

மாயாண்டி கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். "ஈரம் காயல. கோட்டு மேல மெதிக்காம நிக்கச் சொல்லுங்க," என்றார்.

ஆமினா உம்மா கொடுத்தனுப்பிய பாத்திரம் ஒரு கையில் சூடாக இருந்தது. மறுகையில் அலவாங்கை ஊன்றிக்கொண்டு, வழுக்கும் குறுக்குப் பாதையில், வேலாயிக்குச் சொல்வதற்கு ஒரு சேதியோடு அவர் லயத்துப் பக்கம் ஏறினார்.