எண்ணெய் எங்கே நிற்கிறது

மூன்றாவது தடவையும் படகு மிஷின் நின்றதும் முருகையன் இழுகயிற்றைக் கீழே போட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தான். அம்சா அவனைப் பார்க்கவில்லை. படகின் நடுவில் பாயில் கிடந்த புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்த்தியிருந்த வேட்டி காற்றில் பறக்காதபடி முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பச்சைமுத்துவுக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் விடியற்காலை உயிர் போயிற்று. உப்பு ஏற்றப் போன லாரிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு மரக்காணம் வரை கொண்டுவந்து விட்டான். இனி உப்பங்கழியைத் தாண்டினால் குப்பம், குப்பத்தில் வீடு. ஆனால் கழித் தண்ணீர் கடலைப் பார்த்து வடிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் குப்பத்துப் பக்கம் வெறும் சேறுதான், படகு அண்டாது. காலையில் முருகையன் படகைக் கொண்டுவரும்போது பின்காற்று, மிஷினைத் தொட வேண்டியிருக்கவில்லை. இப்போது அதே காற்று எதிரே நின்றது. இருந்தது ஒற்றைத் துடுப்பு.

"அண்ணனுக்கு வர மனசில்ல அண்ணி" என்றான் முருகையன். "பத்து நிமிசம் ஓடுது, நிக்குது. செத்த நேரம் வுட்டா மறுபடி ஓடுது. வேற இன்னான்னு சொல்றது?"

முன்னால் துடுப்போடு நின்ற பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டியும் தலையாட்டினார். "பொணம் ஏத்தின படகு அப்படித்தான். அதுக்கு இஷ்டம் இல்லன்னா நாம இன்னா பண்றது? திருப்பிடு. மரக்காணத்துலயே அடக்கம் பண்ணிடலாம்."

அம்சாவுக்குச் சுருக்கென்றது. பச்சைமுத்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "சாவறதுன்னா என் வூட்ல சாவறேன்" என்றார். அவள்தான் கேட்காமல் நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த எட்டு நாளும் அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபத்தோடேயே போய்விட்டாரோ என்ற பயம் காலையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது வீட்டுக்கும் வரமாட்டேன் என்றால், அது அவளிடம் வரமாட்டேன் என்பதுதானே.

"அவரு மேல பழியப் போடாத முருகையா" என்றாள். "எண்ணெ எங்க நிக்குதுன்னு பாரு."

அது பச்சைமுத்துவின் பேச்சு. பெட்ரோலை எண்ணெய் என்றுதான் அவர் சொல்வார். மூன்று வருஷத்துக்கு முன் சொசைட்டியில் அந்த மிஷினைக் கொடுத்ததிலிருந்து, அது எப்போது மக்கர் பண்ணினாலும் வாசலில் இறக்கி வைத்துக்கொண்டு, தொட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்ப்பார். மீன் ஆய்ந்துகொண்டே அம்சா அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். முருகையனும் பக்கத்தில் இருப்பான். ஆனால் மிஷின் விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது கயிற்றை இழுப்பது மட்டும்தான்.

"பிளக்க ரெண்டு தபா தொடச்சிட்டேன் அண்ணி."

"பிளக்கு கடேசி. தொட்டியில எண்ணெ இருக்குதா?"

"அரைக்கு மேல இருக்குது."

"கொழா தெறந்திருக்குதா?"

"தெறந்துதான் இருக்குது."

"தொட்டிக்குக் கீழ கண்ணாடிக் கிண்ணத்துல தண்ணி நின்னா ஓடாதும்பாரு. கயட்டிப் பாரு."

கிண்ணத்தில் துளி தண்ணீர்கூட இல்லை. படகு மெல்லக் கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மண்ணாங்கட்டி துடுப்பைக் குத்தி நிறுத்தப் பார்த்தார்.

"டியூபக் கயட்டு" என்றாள் அம்சா.

கழற்றினான். பெட்ரோல் நூலாக வந்தது, சொட்டாயிற்று, பிறகு நின்றேவிட்டது. டியூபை வாயில் வைத்து ஊதினான். அடைப்பு எதுவும் இல்லை. தொட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று மேல் மூடியைத் திருகினான். உஸ் என்று ஒரு சத்தம். குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டி அவன் கைலியை நனைத்தது. பதறிப்போய் மூடியைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி சொட்டு, மறுபடி ஒன்றுமில்லை.

"மூடியத் தெறந்தா வருது, போட்டா நிக்குது. பேஜாரா இருக்குது."

"அத்த இப்படிக் குடு."

மூடியின் தலையில் சின்னதாக ஒரு திருகு இருந்தது. அதை அவள் விரல் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

பச்சைமுத்து நோயில் படுத்த மூன்று மாதமாக அந்த மிஷின் வீட்டுக்குள் அவர் படுக்கைக்குப் பக்கத்தில்தான் நின்றது. உப்புக்காற்றில் துரு ஏறிவிடும் என்று வெளியே வைக்க அவர் விடவில்லை. ஆனால் அதன் பெட்ரோல் நாற்றம் அவர் நெஞ்சைப் பிடித்தது. கண் பிதுங்குகிற மாதிரி இருமுவார். ஒருநாள் மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மோந்து பார்த்து, இந்தத் திருகில் என்று கண்டு, இறுக்கி மூடினாள். அன்று சாயங்காலம் இருமல் குறைந்திருந்தது. அதை ஒரு பெரிய காரியமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்.

"நாந்தான் முருகையா" என்றாள். "நாத்தம் அவருக்கு ஆவலன்னு நாந்தான் இத்த மூடினேன். உள்ள காத்து போவ வழியில்ல, எண்ணெ எப்படி வெளிய வரும்?"

திருகு அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள், வழுக்கியது. பல்லால் கடித்து அசைத்து, பிறகு விரலால் திறந்தாள். வாயெல்லாம் பெட்ரோல். துப்பிவிட்டு மூடியைக் கொடுத்தாள்.

"இழு."

முருகையன் டியூபை மாட்டிக் கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் மிஷின் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். உப்பளக் கரை போயிற்று, வலை கட்டும் கம்பங்கள் போயின. பத்து நிமிஷம் ஆகி, அதற்கு மேலும் ஆயிற்று. மிஷின் நிற்கவில்லை.

அம்சா அப்போதுதான் அழுதாள். அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவருக்கு அவள் மேல் கோபம் இருந்திருக்கலாம், ஆனால் மிஷின் நின்றது அதனால் இல்லை.

குப்பத்துத் தென்னைகள் தெரிய ஆரம்பித்தபோது காற்றில் வேட்டி விலகிப் பச்சைமுத்துவின் முகம் தெரிந்தது. சரிசெய்யக் கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள். விரல்களை மோந்து பார்த்தாள். கழித் தண்ணீரில் விட்டுக் கழுவினாள், படகு மரத்தில் தேய்த்தாள், மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"எதுக்கு அண்ணி இத்தினி தபா கழுவற?" என்று கேட்டான் முருகையன்.

"நாத்தம் போவல. அவருக்கு ஆவாது."

இடது கையால் வேட்டியை இழுத்து முகத்தை மூடினாள். வலது கையைக் கரை சேரும் வரை தண்ணீருக்குள்ளேயே விட்டிருந்தாள்.