கடைசித் தாள்

அம்மா எழுதியது ஒரே ஒரு நாவல். வெளிவந்தபோது அதை யாரும் சீந்தவில்லை. ஐம்பத்தைந்து வருடம் கழித்து, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பதிப்பகத்தின் கண்ணில் அது பட்டிருக்கிறது. அந்தக் காலத்திலேயே ஒரு பெண் இவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்கிறாரே என்று பதிப்பாசிரியர் போனில் உருகினார்.

"கடைசிப் பக்கம் மட்டும்தாங்க சப்புன்னு இருக்கு. இருநூறு பக்கமா வீட்டை விட்டுப் போகத் துடிக்கிறவ, வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துடறா. கையெழுத்துப் பிரதி ஏதாவது இருக்கா?"

இருந்தது. அம்மாவின் அலமாரியில், துணிகளுக்கு அடியில். நான் ஒரு செய்தித்தாளில் மெய்ப்புத் திருத்துகிறவள்; அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிறேன். இரண்டு நாள் உட்கார்ந்து பிரதியையும் புத்தகத்தையும் வரிவரியாக ஒப்பிட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு புள்ளி பிசகவில்லை. கடைசிப் பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தது. அம்மாவின் கதையில் அவள் திரும்பி வரவேயில்லை.

அந்தப் புத்தகத்துக்கு எழுத்துக் கோர்த்தவர் என் அப்பா. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் கம்பாசிட்டர் வேலை. பெண்டாட்டி நாவலைத் தன் கையாலேயே கோர்த்த மனுஷன் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் மெச்சிக்கொள்வார்கள். அவர் வேலைக்கு லாயக்கான ஆள்தான், ஒரு எழுத்து தவற விடமாட்டார். அப்படியென்றால் இது கைத்தவறாக நடந்தது இல்லை.

மறுநாள் காலை அவர் முன்னால் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"ஒத்துப் பார்க்கணும்பா. நீங்க பிரதியைப் படிங்க, நான் புத்தகத்தைப் பார்க்கறேன்."

எண்பத்துநாலு வயதில் தன்னையும் ஒருத்தி வேலைக்குக் கூப்பிடுகிறாளே என்று அவருக்கு ஒரே குஷி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அச்சகத்து வழக்கப்படி கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் படித்தார். கடைசி அத்தியாயத்தில் குரல் இறங்கிவிட்டது. "கதவைப் பூட்டினாள், கமா, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள், முற்றுப்புள்ளி." தாளைக் கீழே வைத்தார்.

"புத்தகத்துல இது இல்லையேப்பா."

"நான்தான் மாத்தினேன்" என்றார். "பயந்துட்டேம்மா. மனசுல இருக்கறதைத்தானே எழுதுவா? அச்சுல வந்துட்டா நிஜமாவே கிளம்பிடுவாளோன்னு..."

"அம்மா ஒண்ணும் கேக்கலையா?"

"புத்தகத்தை வாங்கினதும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தா. மூடி வெச்சுட்டு உள்ள போயிட்டா. அப்புறம் பேனாவையே தொடலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த தாளையும் படிச்சுட்டுத்தானே மாத்தினீங்க?"

"எந்தத் தாளு?"

நடிக்கிறார் என்றே நினைத்தேன். அடியில் இருந்த தாளை உருவி அவர் கையில் திணித்தேன். கதையில் வீட்டை விட்டுப் போனவள் தன் புருஷனுக்கு எழுதும் கடிதம் அது. அப்பா அதே அச்சகக் குரலில் ஆரம்பித்தார்.

"எனக்கு வேலை கிடைத்துவிட்டது, கமா, அறையும் பார்த்துவிட்டேன், முற்றுப்புள்ளி. நான் விட்டு வந்தது அந்த வீட்டைத்தான், கமா, உங்களை அல்ல, முற்றுப்புள்ளி. இந்தத் தெருவில் ஓர் அச்சகம் இருக்கிறது, முற்றுப்புள்ளி. விசாரித்தேன், கமா, ஆள் வேண்டுமாம், முற்றுப்புள்ளி. கிளம்பி வாருங்கள்..."

பாதியில் நிறுத்தி, தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நான் இதைப் பார்க்கவே இல்லையேம்மா. ஒரு தாளைக் கோர்த்து முடிச்சாத்தான் அடுத்ததைத் திருப்புவோம். பூட்டினதைப் படிச்சதும் கை ஓடலை. அதுக்கு மேல திருப்ப தைரியம் இல்லாம, நானே நாலு வரி எழுதிக் கோர்த்துட்டேன்."

சண்டை போட வந்த நான் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தேன். இந்தக் கடிதத்தை எழுதியவள் அதற்கப்புறம் ஐம்பத்திரண்டு வருடம் இவருக்குச் சமைத்துப் போட்டாள். என்னைப் பெற்றாள். இவர் காய்ச்சலில் கிடந்தபோது கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் இதைப் படிச்சுட்டுத்தான் வேண்டாம்னு மாத்தினேன்னு நினைச்சிருப்பாளோ?"

தெரியலப்பா என்று சொல்லியிருக்கலாம். சற்று முன்புவரை நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்பா" என்றேன்.